ஆடி அமாவாசைக்கு அம்மாவை முக்திநாத் அழைத்துப் போகலாமா?

கடற்கரை ஒழுங்கை கேட்டது:

வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு குளிசை, வலது முழங்காலில் தேய்மானம். மற்றபடி காலையில் கடற்கரையோரமாகத் தெஹிவளை வரை நடந்து திரும்புகிறவர். அவர் வாழ்நாளில் ஏறிய மிக உயரமான இடம் நுவரெலியாவோ சிவனொளிபாதமலையோ, இரண்டும் கல்யாணத்துக்கு முன்பு.

அப்பா முந்தின வருட மார்கழியில் காலமானார். ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவர். அவர் பக்கம் பெருமாள் பக்தி, அம்மா பக்கம் முருகன். அப்பாவின் சாமித் தட்டில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. கடைக்கு வந்துபோன ஒரு வட இந்திய வியாபாரி எப்போதோ கொடுத்தது. தேசிக்காய் அளவுக் கறுப்புக் கல், ஒரு பக்கத்தில் நத்தை ஓடுபோலச் சுருள். “இது பிறந்த ஆற்றை ஒருநாள் பார்க்கவேண்டும்” என்று ஒவ்வொரு வைகுண்ட ஏகாதசிக்கும் சொல்வார். போகவில்லை.

இப்போது அம்மா பிடித்த பிடியாக நிற்கிறார். அந்தக் கல்லை அதன் ஆற்றில், நேபாளத்தில் முக்திநாத் பக்கம் ஓடும் காளி கண்டகியில், ஒருமுறை நனைத்துக்கொண்டு வரவேண்டும், அங்கேயே அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கவேண்டும், அதுவும் ஆடி அமாவாசைக்கு. வழக்கமாகக் கீரிமலைக்குப் போகிற நாள் அது.

ஒரு பயண முகவர் நான்கு நாள் திட்டம் தந்திருக்கிறார். முதல் நாள் காத்மாண்டு வழியாகப் பொக்காரா. இரண்டாம் நாள் காலை ஜொம்சொம்முக்குச் சிறு விமானம், அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத் பெருமாள் கோயில், 108 தாரைகளில் குளியல், இரவு அங்கேயே. மூன்றாம் நாள் இறக்கம். நான்காம் நாள் கொழும்பு. “வயதானவர்களுக்கு இதுதான் வசதி, வீதிப் பயணம் உடம்பை முறித்துவிடும்” என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பத் தயார். எனக்குத்தான் நெஞ்சு இடிக்கிறது. போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். அம்மா சைவம், அதையும் கவனத்தில் வையுங்கள்.

---

இரண்டு சில்லு எழுதியது:

நான் காத்மாண்டுவில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஓடியவன் என்பதால் என் அனுபவம் உங்கள் அம்மாவுக்கு உதவாது. ஆனால் திரும்பும்போது நண்பனுக்குக் கை சுளுக்கியதால் ஜொம்சொம்மிலிருந்து விமானத்தில்தான் வந்தோம். ஏறக்குறைய இருபது நிமிடம். ஒரு ஜன்னலில் அன்னபூர்ணா, மறு ஜன்னலில் தவளகிரி. விமானம் மலைக்கு மேலே பறக்கவில்லை, மலைகளுக்கு நடுவே பறந்தது. அந்த இருபது நிமிடத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

வீதி? பேனி என்ற ஊருக்கு அப்பால் எனக்கு வாயெல்லாம் புழுதி. முதுகுக்கு இரண்டு நாள் எண்ணெய் போட்டேன். 68 வயது அம்மாவை அந்த வழியில் கொண்டுபோகச் சொல்ல எனக்கு மனம் வராது. முகவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

---

அளவுச்சங்கிலி எழுதியது:

மகள், முகவர் சொல்வது சரியில்லை. தம்பி இரண்டு சில்லு கோபிக்க வேண்டாம்.

நான் இளைப்பாறிய நில அளவையாளன், கொட்டாஞ்சேனை. உயரத்தைச் சொல்லாமல் ஒரு இடத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243. நம் தீவின் கூரையான பீதுருதாலகால 2,524. ஜொம்சொம் விமான ஓடுபாதை 2,700ஐத் தாண்டியது. அதாவது உங்கள் அம்மா விமானப் படியில் கால் வைத்து இறங்கும்போதே இலங்கையில் எவரும் நிற்க முடியாத உயரத்தில் நிற்பார். அதற்கு இருபது நிமிடம் முன்புதான் கண்டியைவிடக் கொஞ்சம் உயரமான பொக்காராவில், 800 மீற்றர் சொச்சத்தில், தேத்தண்ணீர் குடித்திருப்பார். அன்று மத்தியானமே ஜீப்பில் இன்னும் ஆயிரம் மீற்றர் ஏற்றி, 3,700க்கு மேலே பனித்தண்ணீரில் குளிக்கவைத்து, இரவும் அங்கேயே படுக்கவைக்கிறார்கள். இதை வசதி என்று எழுதிய கையைப் பார்க்கவேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே முட்டாள்தனத்தை 2016இல் நானே செய்தேன். நானும் மனைவியும். பொக்காரா விமான நிலையத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் முகில் விலகுவதற்காகக் காத்திருந்தோம். கதிரையில் உட்கார்ந்து பயணிகளின் முகத்தைப் படித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் பறந்தோம். இரண்டு நாள் போய்விட்டதே என்ற அவசரம். அன்றே முக்திநாத். கோயிலின் பின்புறம் அரைவட்டச் சுவரில் மாட்டுத் தலை வடிவில் 108 தாரைகள், ஒவ்வொன்றின் கீழும் தலையைக் கொடுத்து ஓடவேண்டும். ஓடினோம். முன்னால் இருக்கும் இரண்டு குளங்களிலும் முழுகினோம். எனக்கு அப்போது 63 வயது, பெருமை வேறு.

இரவு மனைவிக்குத் தலையிடி. பிறகு சத்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். விடுதிக்காரப் பெண்மணி விளக்கோடு வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போது வந்தீர்கள்? இன்று காலை என்றேன். அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. போய் ஒரு ஜீப்காரரை எழுப்பிக்கொண்டு வந்தார். ஜொம்சொம் தாண்டி மார்ஃபா வரை, ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கினோம். மார்ஃபாவில் மனைவி கண்ணைத் திறந்து தேத்தண்ணீர் கேட்டார். குளிசை இல்லை, ஊசி இல்லை. மெல்லிய காற்றுக்குச் சட்டென்று ஏறியதுதான் நோய், இறங்கியதுதான் மருந்து. அந்த இரவுக்கு இன்றுவரை எனக்கு வீட்டில் வட்டி கட்டித்தான் ஆகிறது.

2019 ஐப்பசியில் மறுபடி போனோம். இம்முறை மனைவியின் அக்காவும், அப்போது அவருக்கு 71. விமானம் வேண்டாம் என்று ஜீப் பிடித்தோம். பொக்காராவிலிருந்து ஜொம்சொம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து நுவரெலியா போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஓட்டுகிறார்கள். நாங்கள் இரண்டு நாளாக்கினோம், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

முதல் இரவு தாதோபானி. பெயருக்கு அர்த்தமே சூடான தண்ணீர் என்பதுதான். ஆற்றோரம் வெந்நீர் ஊற்று, 1,200 மீற்றர் உயரம். கன்னியா வெந்நீர் ஊற்றைத் தெரிந்தவர்களுக்குப் புதுமையில்லை, ஆனால் நாள் முழுக்கக் குலுங்கிய இடுப்புக்கு அது சொர்க்கம். அம்மா கால்களை மட்டும் நனைத்தால் போதும்.

மறுநாள்தான் அசல் வழி. ருப்சே அருவி வீதியோரத்திலேயே கொட்டும். அதன் பிறகு பள்ளத்தாக்கு நெருங்கி, இருண்டு, திடீரென்று விரிந்து, ஆறு அகன்ற கல்வெளியாகிவிடும். லார்ஜுங் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கிற ஆற்றுப்படுகை சுமார் 2,500 மீற்றர். மேற்கே தவளகிரியின் உச்சி 8,167. கிழக்கே அன்னபூர்ணா 8,091. இரண்டு உச்சிகளுக்கும் இடையில் முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவுதான், நடுவில் நீங்கள் ஒரு எறும்பு. நான் முப்பத்தாறு வருடம் மலையையும் வயலையும் அளந்தவன், கழுத்தை அவ்வளவு பின்னுக்கு மடக்கி ஒரு உச்சியைத் தேடியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தத் தவளகிரிதான் உலகிலேயே உயர்ந்த மலை என்று எங்கள் தொழில்காரர்கள் நம்பியிருந்தார்கள். அந்த இடத்தில் நின்றால் அவர்களைக் குறைசொல்ல மாட்டீர்கள். அடுத்து ஒரு நீலகிரியும் வரும், ஊட்டி அல்ல, 7,061 மீற்றர்.

இரண்டாம் இரவு மார்ஃபா, 2,670. வெள்ளை பூசிய கல் வீடுகள், கல் பதித்த ஒடுக்கமான தெரு, தெருவுக்கு அடியில் ஓடும் வாய்க்கால், எங்கு பார்த்தாலும் அப்பிள் தோட்டம். அங்கே முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். அம்மா தெருவில் மெல்ல நடக்கட்டும், அப்பிள் துண்டு வாங்கிச் சாப்பிடட்டும். உடம்பு அந்தக் காற்றைப் படித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் விடிய ஜீப்பில் முக்திநாத் போய், வழிபட்டு, பின்னேரத்துக்குள் இறங்கிக் காக்பேனியில், 2,800 மீற்றரில், படுக்கை. மேலே போகலாம், மேலே உறங்கக்கூடாது. மனைவியின் அக்காவுக்கு ஒரு தலையிடிகூட வரவில்லை. கொழும்புக்கு வந்துதான் தடிமன் பிடித்தது.

விடிய என்று சொன்னதற்குக் காரணம் காற்று. பகலில் வடக்கே திபெத் மேட்டுநிலம் சூடேறியதும் தெற்கிலிருந்து காற்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இழுபட்டு ஓடுகிறது. மத்தியானத்துக்குள் ஆற்று மணல் முகத்தில் அறையும். விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதற்கும் அதுதான் காரணம். 2022 மே மாதத்தில் பொக்காராவிலிருந்து ஜொம்சொம் புறப்பட்ட விமானம் ஒன்று மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, வீதியிலும் ஆபத்து உண்டு. முகில் மூடினால் பறக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லும்போது கோபப்படாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

குளியல் விடயம்: அம்மா ஓடவேண்டியதில்லை. ஒவ்வொரு தாரையிலும் உள்ளங்கையை நீட்டி, தலையில் ஒரு துளி தெளித்துக்கொண்டு போகலாம். அப்படிச் செய்கிற பாட்டிமார் நிறைய. அங்கே பூசை செய்யும் பௌத்தத் துறவிப் பெண்கள் யாரையும் அதட்டுவதில்லை. நமக்குப் பெருமாளாகத் தெரியும் அதே உருவம் அவர்களுக்கு அவலோகிதேஸ்வரர். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்று வைணவர்கள் கொள்கிறார்கள், உங்கள் அப்பா அறிந்திருப்பார். பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோயில். தண்ணீர் ஓடும் இடத்தில் நிலவாயு எரிந்து ஒரு சிறிய நீலச் சுடர் நிற்கிறது. குனிந்து பார்க்கவேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு நீங்கள் தோள் கொடுங்கள்.

ஜீப் ராணிபௌவாவில் நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு ஏற்றமும் படிகளும். குதிரை கிடைக்கும். முழங்காலுக்குக் குதிரை நல்லது, இடுப்புக்கு நல்லதல்ல. மனைவியின் அக்கா நடந்தே போனார், பத்து அடி, ஒரு மூச்சு, பத்து அடி, ஒரு மூச்சு என்று. முக்கால் மணி நேரம் எடுத்தது. அவசரம் என்ன?

ஆடி அமாவாசை பற்றி மனதில் இருப்பதைப் பிறகு எழுதுகிறேன், பேத்தி கணினி கேட்கிறாள்.

---

குளிசைப்பெட்டி எழுதியது:

நான் தெஹிவளையில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளர். ஐயா எழுதியதில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இறங்குவதுதான் மருந்து, மேலே உறங்கக்கூடாது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

உயரத்துக்கு முன்கூட்டியே எடுக்கும் அசெற்றசொலமைட் என்ற குளிசை உண்டு, டயமொக்ஸ் என்று கேட்டிருப்பீர்கள். அதை என் போன்றவர்கள் கடையில் கொடுக்க, நீங்கள் வாங்கி அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். அது சிறுநீரை அதிகமாக்கும். அம்மாவின் அழுத்தக் குளிசையும் அதே வேலையைச் செய்கிற வகையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து உடம்பை வறட்டிவிடும். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியாகவேண்டும். அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே போய், 3,700 மீற்றர் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். “மலைக்குப் போகிறோம்” என்றால் அவர் பண்டாரவளை என்று நினைத்துக்கொள்வார்.

யாத்திரைக்குப் போகிறோம், விரதம் என்று அழுத்தக் குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தவே வேண்டாம். உயரத்தில் அழுத்தம் கூடுவதுதான் வழக்கம். விமானத்தில் பெட்டியைத் தனியே அனுப்பினால் குளிசை கைப்பையில் இருக்கட்டும். தூக்கம் வரவில்லை என்று தூக்கக் குளிசை கொடுக்காதீர்கள், மூச்சை அது இன்னும் மந்தமாக்கும். தலையிடியோடு சத்தி வந்தால், நேராக நடக்கத் தள்ளாடினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த விடுதிக்காரப் பெண்மணி செய்ததைச் செய்யுங்கள். அவர் எங்கள் துறைக்கு வந்திருக்கவேண்டியவர்.

---

இரண்டு சில்லு எழுதியது:

ஐயா, என் கருத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஏறும்போது வீதி என்பது புரிகிறது. ஆனால் இறங்கும்போது விமானம் ஏறலாம் அல்லவா? உடம்புக்கு அதில் கெடுதல் இல்லையே. அந்த இருபது நிமிடத்தை அம்மா இழக்கக்கூடாது.

சாப்பாடு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வழி முழுக்க, அந்தப் பள்ளத்தாக்கில் வாழும் தக்காலி என்ற இன மக்களின் வீட்டு விடுதிகள். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்குக் கறி, ஊறுகாய் என்று பித்தளைத் தட்டில் வரும், தீரத்தீரப் போடுவார்கள். சைவம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தனியாகச் செய்வார்கள். உயரத்துக்கு நல்லது என்று உள்ளிச் சூப் நீட்டுவார்கள். அம்மா உள்ளி சேர்ப்பாரா தெரியாது. உறைப்பு நமக்குப் போதாது. நான் ஒரு போத்தல் கட்டைச் சம்பல் கொண்டுபோயிருந்தேன், மூன்றாம் நாள் சமையற்காரர் என்னிடம் கடன் கேட்டார்.

---

கடற்கரை ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மனைவிக்குச் சத்தி வந்த இடத்தில் “அந்த மனுசனுக்கு என்ன அவசரமாம்?” என்று கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள். முகவரிடம் நான்கு நாள் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அமாவாசைதான் மிச்சம். ஆடி கூடாது என்பீர்கள் என்று தெரிகிறது. மகாளய அமாவாசை என்றால் அம்மா இறங்கி வருவார் போலிருக்கிறது. கல்லைக் கொண்டுபோவதில் சிக்கல் வருமா?

---

அளவுச்சங்கிலி எழுதியது:

அம்மா கேட்டது சரியான கேள்வி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், உங்கள் அம்மாவோடு தொலைபேசியில் பேசவேண்டும் என்கிறார். ஆபத்து.

ஆடி நிச்சயமாகக் கூடாது. முக்திநாத்தில் மழை இராது. அன்னபூர்ணாத் தொடர் முகிலைத் தெற்கிலேயே மறித்துவிடுவதால் அந்தப் பக்கம் காய்ந்த மண்தான். ஏமாற்றுவதே அதுதான். வானிலைப் படத்தில் முக்திநாத்தைப் பார்த்தால் வெயில் காட்டும். ஆனால் அங்கே போய்ச் சேர நீங்கள் மலையின் நனைந்த பக்கத்தைக் கடக்கவேண்டும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அந்தச் சரிவுகள் வீதியில் வந்து உட்கார்ந்துவிடும். 2024 ஜூலையில் நாராயண்காட் முக்லிங் வீதியில் மண்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. நம் கடுகண்ணாவையிலும் பதுளையிலும் மண் சரிகிறது, நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கே மலை இன்னும் இளமையானது, இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் சரிவும் பெரிது. விமானமும் முகிலில் நாள்கணக்காக நிற்கும். அமாவாசை உங்களுக்காகக் காத்திருக்காது.

மகாளய அமாவாசை நல்ல நாள்தான். மழை பின்வாங்கத் தொடங்கும் காலம், ஆனால் கையெழுத்துப் போட்டுத் தரமுடியாது. அதே 2024 செப்டெம்பர் இறுதியில்தான் காத்மாண்டுப் பக்கம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இன்னொன்று, மகாளயம் முடிந்த மறுநாள் நமக்கு நவராத்திரி, அவர்களுக்குத் தசைன். நேபாளத்தின் பெரிய பண்டிகை. ஊருக்குப் போகிறவர்களால் பஸ், ஜீப் எல்லாம் நிரம்பிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அம்மாவோடு நின்றிருக்கிறீர்களா? அதுதான்.

ஆகவே நான் ஐப்பசி அமாவாசை என்பேன். நமக்குத் தீபாவளி வரும் நாட்கள். வானம் கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். அம்மா ஐயரிடம் கேட்கட்டும், தர்ப்பணத்துக்கு எந்த அமாவாசையும் அமாவாசைதான் என்று அவர் சொல்லக்கூடும். தர்ப்பணத்தை முக்திநாத்தில் கொடுக்காமல் காக்பேனியில் கொடுங்கள். அங்கேதான் முக்திநாத் பக்கமிருந்து வரும் ஜோங் ஓடை காளி கண்டகியில் சேர்கிறது. நேபாளத்தார் பிதிர்க்கடனுக்குத் தேடி வரும் இடம் அது. கல்லையும் அங்கேயே நனைக்கலாம், ஆற்றங்கரை தட்டை, முழங்காலுக்கு நோகாது. காலை எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், பிறகு காற்று எள்ளையும் கொண்டுபோகும், தர்ப்பைப் புல்லையும் கொண்டுபோகும்.

எள், தர்ப்பை, பித்தளைச் செம்பு எல்லாம் கொட்டாஞ்சேனையிலிருந்தே கொண்டுபோங்கள். கல்லைக் கொண்டுபோகும்போது காத்மாண்டு விமான நிலையத்தில் உள்ளே நுழையும்போதே அதிகாரியிடம் காட்டி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது அங்கிருந்து எடுத்தீர்களா என்று கேட்டால் பதில் இருக்கும். உங்கள் அப்பாவின் கல்லில் உள்ள சுருள் ஒரு கடற்பிராணியின் ஓடு, தெரியுமா? இமயம் எழும்புவதற்கு முன் அங்கே தெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடியில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன் செத்துக் கிடந்த பிராணி சேற்றோடு கல்லாகி, மலையோடு மேலே வந்து, ஆற்றில் உருண்டு, புறக்கோட்டைக்கு வந்து, வெள்ளவத்தைக் கடலோரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆற்றில் இறங்கியதும் இன்னும் நாலு பொறுக்கத் தோன்றும். பொறுக்க வேண்டாம், ஒன்று போதும்.

கடவுச்சீட்டு விடயம்: சார்க் நாட்டவர் என்பதால் நமக்கு நேபாள விசா முப்பது நாளுக்கு இலவசம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பொக்காராவில் எடுக்கலாம், நமக்குக் கட்டணமும் குறைவு. கடவுச்சீட்டு அளவுப் படங்கள் சில கையில் இருக்கட்டும். காக்பேனிக்கு வடக்கே போக வேறு அனுமதி, அது உங்களுக்குத் தேவையில்லை. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் திருப்புங்கள். நேபாளம் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் முந்தியது. அந்தப் பதினைந்து நிமிடத்தால் 2019இல் ஒரு ஜீப்பைத் தவறவிட்டோம், அதுவும் என் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தம்பி, இறங்கும்போது விமானம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜொம்சொம்மில் ஒரு நாளும் காத்மாண்டுவில் ஒரு நாளும் கையிருப்பாக வைத்துக்கொண்டு. மொத்தம் பத்து நாள் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள்.

---

கடற்கரை ஒழுங்கை எழுதியது:

ஐப்பசி என்று முடிவாகிவிட்டது. அண்ணா பத்து நாளுக்குச் சரி என்றார். அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி, உங்களிடம் கேட்கச் சொன்னார். தர்ப்பணம் முடிந்து பிண்டம் வைத்தால் எடுப்பதற்கு அவ்வளவு உயரத்தில் காகம் இருக்குமா?

---

அளவுச்சங்கிலி எழுதியது:

இருக்கிறது என்று சொல்லுங்கள். நம் காகத்தைவிடப் பெரிய அண்டங்காகமும் உண்டு. அதைவிட அதிகம், கூட்டமாக, காற்றில் சறுக்கி விளையாடுகிற ஒரு பறவை. உடம்பு முழுக்கக் கறுப்பு, அலகும் காலும் மட்டும் சிவப்பு. காகக் குடும்பம்தான். மனைவியின் அக்கா முதலில் நம்பவில்லை, சோற்றை உருட்டி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவர் திரும்புவதற்குள் தட்டு காலி.

திகதியையும் கவனியுங்கள். நம் தீபாவளி அங்கே தீஹார், ஐந்து நாள் கொண்டாட்டம். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக வருகிற முதல் நாள் காகத்துக்கு உரியது. நாடு முழுக்க வீட்டுக் கூரையிலும் வாசலிலும் காகத்துக்குச் சோறு வைப்பார்கள். மறுநாள் நாய்களுக்கு மாலை. காகத்துக்கு உரிய நாளில் அம்மா மார்ஃபாவில் இருக்கும்படி கணக்குப் போட்டுப் புறப்படுங்கள். விடுதிக்காரரிடம் முதல் நாள் இரவே ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடச் சொல்லிவையுங்கள். அந்த உயரத்தில் சோறு வேகச் சுணங்கும், பிரஷர் குக்கரில்தான் வைப்பார்கள்.